மணலுக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

வாசகர் கேள்வி பதில்

கிணற்று நீர் குறித்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். முதற்கேள்விக்கான விடை நீளமானது. அதில் சொல்லப்படுவதை அடிப்படையாகக் கொண்டே பின்வரும் விடைகள் அமைந்திருப்பதால், அதைத் தாண்டிச் செல்லாமல் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் வளவு 16 பேர்ச்சஸ். எங்கள் மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் பின்வளவில் புதிதாக வெட்டிய குழி எங்கள் கிணற்றுக்கு 20 அடியில் வந்துவிட்டது. கேட்டால், "இது மணல் தரை, எல்லாவற்றையும் மணல் வடிகட்டிவிடும்" என்கிறார்கள். எத்தனை அடி இருந்தால் பயமில்லை?
(வாசகி, ஆரையம்பதி)

பதில்: அடிக்கணக்கு ஒன்றை மட்டும் சொல்லி உங்களை அமைதிப்படுத்த எனக்கு மனமில்லை, ஏனெனில் அந்தக் கணக்கு தனியே நின்று எதையும் காப்பாற்றுவதில்லை. குழியிலிருந்து கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதோடு, தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் எவ்வளவு உலர்ந்த மண் இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

மணலுக்கடியில் உள்ள நீர் அசையாமல் தேங்கிக் கிடப்பதில்லை. நீர்மட்டம் உயர்ந்திருக்கும் இடத்திலிருந்து தாழ்ந்திருக்கும் இடத்தை நோக்கி அது ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் உள்ள எழுவான்கரை நிலத்தில், மாரி மழையை உறிஞ்சிய நீர் நடுப்பகுதியில் சற்று உயர்ந்து நின்று, ஒரு பகுதி கடலை நோக்கியும் மறுபகுதி வாவியை நோக்கியும் வடிகிறது. அந்த மேட்டின் எந்தப் பக்கத்தில் உங்கள் வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து, பின்வளவுக் குழியின் கழிவு உங்கள் கிணற்றை நோக்கி வரலாம், அல்லது அதைவிட்டு விலகிப் போகலாம். இதை ஊகத்துக்கு விடவேண்டியதில்லை. ஒரே வரிசையில் அமையாமல் முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளை அயலவரோடு சேர்ந்து தெரிவுசெய்து, எவரும் இறைக்காத அதிகாலையில், ஒரே நாளில், மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். கிணற்றுக் கட்டுகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும் என்பதால், மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் கிணற்றில் நீர் தாழ்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கமாகவே ஓட்டம் இருக்கும்.

இனி வேகம். பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்தில் பணியாற்றிய பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய உருளைகளினூடாக நீரைச் செலுத்தி ஆராய்ந்து, 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். நீர் செல்லும் அளவு, மண்ணின் ஊடுபுகவிடும் தன்மையையும் நீர்மட்டச் சரிவையும் பொறுத்தது என்பதே அந்த விதி. நம் மணலுக்குப் பொருந்தக்கூடிய எண்களை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். மணலின் ஊடுபுகவிடும் தன்மை நாளொன்றுக்கு 10 மீற்றர், நீர்மட்டச் சரிவு 500 மீற்றருக்கு 1 மீற்றர், மணலில் வெற்றிடம் 30 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் நகர்கிறது. அந்த வேகத்தில் 20 அடி, அதாவது 6 மீற்றர் தூரத்தைக் கடக்க 90 நாட்கள் ஆகும்.

90 நாட்கள் என்பது நல்ல செய்திபோலத் தெரியும். ஜேர்மனியில் குடிநீர்க் கிணறுகளின் பாதுகாப்பு வலயத்தை, அழுக்கு நீர் கிணற்றை அடைய 50 நாட்களாவது எடுக்கவேண்டும் என்ற அளவுகோலைக் கொண்டே வகுத்திருக்கிறார்கள். நோய்க்கிருமிகளிற் பெரும்பாலானவை நிலத்தடியில் அவ்வளவு காலத்துக்குள் அழிந்துவிடும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் நான் சொன்ன கணக்கு, எவரும் தண்ணீர் இறைக்காத நிலத்துக்கு உரியது. உங்கள் வீட்டு மோட்டர் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் பள்ளமாக இறங்குகிறது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் சரிவு 20 மீற்றருக்கு 1 மீற்றர் என்று ஆகிவிட்டால், அதே மணலில் நீர் நாளொன்றுக்கு ஒன்றரை மீற்றருக்கு மேல் நகரும். மோட்டர் தொடர்ந்து ஓடினால் 20 அடியை நான்கு நாட்களுக்குள் கடந்துவிடும். இயல்பான ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தாலும், அந்தப் பள்ளம் அதைத் திருப்பி உங்கள் பக்கம் இழுத்துவிடக்கூடும். வாளியால் அள்ளிய காலத்தில் தீங்கு செய்யாத ஒரு குழி, மோட்டர் பூட்டிய பின் தீங்கு செய்யத் தொடங்குவது இதனால்தான்.

மணல் வடிகட்டும் என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு, அந்தப் பாதி எது என்பதை அறிந்திருப்பது நல்லது. பற்றீரியா ஒன்றின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீற்றர். வைரசு அதைவிடப் பன்மடங்கு சிறியது. மணற்பருக்கைகளின் இடைவெளியோ அவற்றைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே மணல் சல்லடைபோல் அவற்றைத் தடுப்பதில்லை. குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள உலர்ந்த மண்ணில் கழிவு நீர் மெல்லிய படலமாகப் பருக்கைகளைத் தழுவி இறங்கும்போதுதான் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, காற்றுப்பட்டு, வேறு நுண்ணுயிர்களுக்கு இரையாகி அழிகின்றன. அந்த உலர்ந்த மண் இருக்கும்வரை மணல் உங்களுக்குத் துணை. ஐப்பசி பிறந்து மாரி தொடங்கியதும் கரையோரத்தில் நீர்மட்டம் தரைக்குச் சில அடிகளுக்குள் ஏறிவிடுகிறது. குழியின் அடி நீருக்குள் மூழ்கிவிடுகிறது. அப்போது இடையில் வடிகட்ட எதுவுமே இல்லை. குழியின் அடி எந்தக் காலத்திலும் நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்கவேண்டும், கிணற்றிலிருந்து 30 மீற்றர் விலகியிருக்கவேண்டும் என்று அனர்த்த நிவாரணப் பணிகளுக்கான பன்னாட்டு நியமங்கள் கூறுகின்றன. 16 பேர்ச்சஸ் காணியில் 30 மீற்றருக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். இடமில்லாதபோது செய்யக்கூடியது, ஆழக் குழி வெட்டுவதைத் தவிர்த்து, அடியும் பக்கமும் மூடிய தொட்டியைக் கட்டி, அதிலிருந்து வெளியேறும் நீரை ஆழமில்லாமல், கிணற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் பரவவிடுவதே. பின்வளவுக்காரரோடு இதைப் பேசும்போது பகை வளர்க்கவேண்டாம். அவருடைய கிணற்றுக்கு உங்கள் குழி எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள். பேச்சு சரிவராவிட்டால் உங்கள் பிரிவுக்குரிய பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

கேள்வி: எங்கள் கிணற்று நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது, மணமும் இல்லை. கொதிக்கவைத்தே குடிக்கிறோம். இதற்கு மேலும் சோதனை செய்யவேண்டுமா?
(வாசகர், காத்தான்குடி)

பதில்: வேண்டும். கொதிக்கவைப்பது நல்ல பழக்கம், அதை விடவேண்டாம். அது கிருமிகளை அழிக்கும். ஆனால் கழிவிலும் பசளையிலும் உள்ள நைதரசனிலிருந்து உண்டாகி நீரில் கரையும் நைத்திரேற்றை அது அகற்றாது. நீர் ஆவியாகிக் குறைவதால், மிஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் இலங்கைக் குடிநீர்த் தரநியமமான எஸ்.எல்.எஸ். 614உம் வரையறுத்திருக்கின்றன.

அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில் 16 பேர்ச்சஸ் வீதம் பத்து வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர். ஒருவருடைய கழிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோ நைதரசன் வெளியேறுகிறது. நாற்பது பேருக்கு 160 கிலோ. அதில் கால்வாசி மட்டுமே நைத்திரேற்றாக மாறி நீர்மட்டத்தை அடைகிறது என்றும், ஆண்டு மழையில் அரை மீற்றர் உயர நீர் நிலத்துக்குள் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஏக்கரில் ஆண்டுக்கு இறங்கும் ஏறத்தாழ 2,000 கனமீற்றர் நீரில், லீற்றருக்கு 90 மில்லிகிராம் அளவுக்கு நைத்திரேற்று சேர்ந்துவிடும். ஒருவரும் எந்தத் தவறும் செய்யாமல், எல்லோருடைய குழியும் ஒழுங்காக இருந்தும், வரையறை தாண்டப்பட்டுவிடுகிறது. இங்கே ஒரு குழிக்கும் ஒரு கிணற்றுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டுவதால் பயன் மிகக் குறைவு. குழாய் நீரும் கழிவுநீர்க் குழாய்த்தொகுதியும்தான் உண்மையான தீர்வு. நெருக்கமாகக் குடியிருக்கும் நம் கரையோர ஊர்களுக்கு முதலாவது பெருமளவுக்கு வந்திருக்கிறது. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் கிடைக்கும் வீடுகள், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதையே பயன்படுத்தட்டும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடாயின், சோதிக்காத கிணற்று நீரைத் தயவுசெய்து தொடவேண்டாம். நைத்திரேற்று கூடிய நீர், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, குழந்தையின் உதடும் விரல்களும் நீலம் பாயும் ஆபத்தான நிலையை உண்டாக்கக்கூடியது.

கேள்வி: நான் மணல் தரையில் மிளகாயும் வெங்காயமும் செய்கிறேன். என் மைத்துனர் படுவான்கரையில் வயல் செய்கிறார், ஏக்கருக்கு அவர் போடும் யூரியாவும் குறைவில்லை. ஆனால் பசளையால் நீர் கெடுகிறது என்று எங்களைத்தான் குறை சொல்கிறார்கள். இது நியாயமா?
(விவசாயி, குருக்கள்மடம்)

பதில்: யூரியா ஒன்றே; அது விழும் மண்தான் வேறு. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். மண்ணில் அது முதலில் அமோனியமாகவும், ஒட்சிசன் கிடைத்தால் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகிறது. அமோனியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்று எதனோடும் ஒட்டாமல் நீர் போகும் வேகத்திலேயே போகும். உங்கள் மைத்துனரின் வயலில் நீர் தேங்கி நிற்பதால் மண்ணுக்குள் ஒட்சிசன் இல்லை. நைத்திரேற்று உருவாவதே குறைவு, உருவானதையும் நுண்ணுயிர்கள் நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. உங்கள் தோட்டத்து மணலிலோ காற்றோட்டம் தாராளம், களியும் உக்கலும் சொற்பம். போட்ட யூரியா விரைவில் நைத்திரேற்றாகி, வேர் எட்டாத ஆழத்துக்கு அடுத்த தண்ணீரிலேயே இறங்கிவிடுகிறது.

குறை சொல்வதால் ஆவது ஒன்றுமில்லை. வேருக்குக் கீழே இறங்கிய பசளைக்கு நீங்கள் கொடுத்த பணமும் அதனோடு போய்விட்டது என்பதால், இங்கே உங்கள் நன்மையும் அயலவர் கிணற்றின் நன்மையும் ஒன்றே. ஒரே தடவையில் போடும் பசளையை மூன்று நான்கு தடவைகளாகப் பிரியுங்கள். பசளை போட்ட கையோடு பாத்தி நிரம்ப இறைப்பதைத் தவிருங்கள். மாட்டெருவும் கூட்டெருவும் சேர்த்து மணலுக்குப் பிடிமானம் கொடுங்கள். பெருமழை எதிர்பார்க்கும் வாரத்தில் யூரியாவைத் தொடவேண்டாம். தோட்டக் கிணற்று நீரிலேயே நைத்திரேற்று இருக்குமாயின், இறைக்கும் ஒவ்வொரு முறையும் பயிருக்குப் பசளை கிடைக்கிறது என்று பொருள். அதைச் சோதித்து அறிந்தால் வாங்கும் யூரியாவின் அளவைக் குறைக்கலாம்.

கேள்வி: சுனாமிக்குப் பின் எங்கள் பக்கத்துக் கிணறுகளை மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தோம், ஆனால் உவர்ப்பு எளிதில் போகவில்லை. இப்போதும் ஆவணி மாதத்தில் நீர் சவராகிறது. இன்னும் ஆழமாக வெட்டினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?
(வாசகர், நாவலடி)

பதில்: ஆழப்படுத்த வேண்டாம். உங்கள் ஊரில் நன்னீர் மேலே, உவர்நீர் கீழே. கடல் நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது என்பதால், மழையால் இறங்கிய நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே அதைப்போல் 40 மடங்கு ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம் என்பது பழைய விதி. நாவலடிபோல ஒடுங்கிய மணற்திட்டில் அந்த உயரம் மிகச் சிறியது, இடையில் கலப்பு நீரும் உண்டு, ஆகவே நடைமுறையில் ஆழம் இன்னும் குறையும். அதே விதியைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும்: இறைப்பதால் நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், கீழிருக்கும் உவர்நீர் 4 மீற்றர் வரை மேலேறி வரலாம்.

2004 டிசெம்பர் 26க்குப் பின் நடந்ததும் இதுவே. அலை ஊருக்குள் விட்டுச்சென்ற கடல்நீர் கிணற்றுக்குள் மட்டும் நிற்கவில்லை. சுற்றியிருந்த மணல் முழுவதிலும் ஊறியிருந்தது. கிணற்றை வெறுமையாக்கியபோது அந்த மணலிலிருந்து உவர்நீர் மீண்டும் ஊறியது, கீழிருந்த உவர்நீரும் மேலேறியது. நல்லெண்ணத்தோடு செய்த வேலை அது. அந்த வேளையில் குடிநீர் வேண்டித் தவித்த மக்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆயினும் உப்பைக் கழுவி வெளியேற்றியது மோட்டர் அல்ல, அடுத்தடுத்து வந்த மாரி மழை. இன்று நீங்கள் செய்யக்கூடியது, ஆழமில்லாத அகன்ற கிணற்றிலிருந்து, ஒரே மூச்சில் இறைக்காமல் காலையும் மாலையும் சிறிது சிறிதாக எடுத்துத் தாங்கியில் சேர்ப்பதும், கூரை நீரை வீதிக்கு விடாமல் வளவு மணலுக்குள் இறக்குவதும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அருகில் வாகனம் திருத்தும் இடமொன்று உண்டு. மழைக்குப் பின் கிணற்றில் எண்ணெய்ப் படலம் தெரிகிறது. இறைத்துவிட்டால் போய்விடுமா?
(வாசகி, ஏறாவூர்)

பதில்: இறைப்பதை உடனே நிறுத்துங்கள். பெற்றோல், டீசல், கழிவு ஒயில் யாவும் நீரைவிட இலேசானவை. நிலத்துக்குள் இறங்கி நீர்மட்டத்தின்மேல் மிதந்து பரவுகின்றன. நீங்கள் இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி உண்டாகும் பள்ளத்தை நோக்கி அவை வழிந்து வரும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் மணலின் மேலும் கீழும் அப்பிக்கொள்வதால், ஒவ்வொரு மாரியிலும் படலம் மீண்டும் தோன்றும். படலம் தெரியாத நாளிலும் பெற்றோலிலுள்ள பென்சீன் நீரில் கரைந்திருக்கலாம். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, லீற்றருக்கு 10 மைக்ரோகிராமே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கொதிக்கவைப்பதும் வெளிற்றும் தூள் இடுவதும் இதற்குப் பரிகாரமல்ல. அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

கேள்வி: மேலே கிணறு அழுக்கு என்றால், 150 அடிக் குழாய்க்கிணறு சுத்தம்தானே?
(வாசகர், மத்தியமுகாம்)

பதில்: கிருமிக்குப் பெரும்பாலும் சரி, புளோரைட்டுக்குச் சரியல்ல. உங்கள் பகுதியில் மண்ணுக்குக் கீழே கடும்பாறை. நீர் அதன் வெடிப்புகளில் நீண்டகாலம் தங்கிப் பாறைக் கனிமங்களிலிருந்து புளோரைட்டைக் கரைத்துக்கொள்ளக்கூடும். இலங்கைத் தரநியமம் லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரையே அனுமதிக்கிறது. கூடினால் பிள்ளைகளின் பல்லில் கறைபடியும், மிகக் கூடினால் எலும்பும் பாதிக்கப்படும். குழாய்க்கிணறு அடித்தவுடன் புளோரைட்டுச் சோதனை செய்விப்பது கட்டாயம். பாறை வெடிப்பில் நீர் மணலைவிட மிக வேகமாகவும், எதிர்பாராத திசையிலும் போகும் என்பதால், மேலே மணல் தரைக்குச் சொன்ன நாட்கணக்கை உங்கள் ஊருக்குப் பொருத்தவேண்டாம்.

கேள்வி: கிணற்றருகே இருந்த பழைய மலசலகூடக் குழியை மூடிவிட்டோம். கிணறு எப்போது தெளியும்?
(வாசகர், கல்முனை)

பதில்: ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது என்பதால், ஒரே நாளில் எல்லாம் தெளியாது. கனடாவின் போர்டன் என்னுமிடத்தில், ஆழமில்லாத மணற்படுகை ஒன்றில், 1982 ஓகத்தில் உப்பின் ஒரு கூறான குளோரைட்டும் சில சேதன இரசாயனங்களும் கலந்த நீரை வேண்டுமென்றே உட்செலுத்தி, ஆயிரக்கணக்கான இடங்களில் மாதிரி எடுத்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குளோரைட்டு நீரோடு நாளொன்றுக்கு 9 சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்ந்தது; அதே நேரத்தில் உட்சென்ற வேறு இரசாயனங்கள், மணற்பருக்கையில் ஒட்டுவதும் விடுவதுமாகப் பாதி வேகத்திலும் அதற்குக் குறைவாகவும் பின்தங்கின.

உங்கள் கிணற்றிலும் இவ்வாறே நடக்கும். கிருமிகளிற் பெரும்பாலானவை சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறையும். குழியை மூடிய பின் கிணற்றுக்கு ஒருமுறை குளோரின் இட்டு, சில வாரம் கழித்துக் கிருமிச் சோதனை செய்விக்கலாம். மலம் கலந்ததைக் காட்டும் பற்றீரியாவான ஈ.கோலி, நூறு மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நைத்திரேற்று, குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள நீர் முழுவதும் நகர்ந்து தீரும்வரை வந்துகொண்டிருக்கும். நாளுக்கு 7 சென்ரிமீற்றர் என்றால் 50 மீற்றருக்கு இரண்டு ஆண்டுகள். கழிவிலுள்ள பொசுபேற்று இன்னும் மெதுவானது. அமெரிக்காவின் கேப் கொட் பகுதியில், 1936 முதல் 1995 வரை மணல் தரையில் கழிவுநீரை இறக்கினார்கள். அது நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்தும், மணலில் ஒட்டியிருந்த பொசுபேற்று விடுபட்டு அருகிலிருந்த ஏரியை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

ஆகவே மாரி உச்சத்தில் ஒருமுறை, கோடை முடிவில் ஒருமுறை என ஆண்டுக்கு இருதடவை, ஈ.கோலி, நைத்திரேற்று, குளோரைட்டு மூன்றையும் சோதித்து ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். நைத்திரேற்றும் குளோரைட்டும் சேர்ந்து இறங்கினால் பழைய குழியின் தாக்கம் விலகுகிறது என்று கொள்ளலாம். நைத்திரேற்று குறைந்து குளோரைட்டு மட்டும் ஏறுமாயின் அது கடல் பக்கத்து உவர், இறைப்பைக் குறையுங்கள். இரண்டும் இறங்காமல் அப்படியே நிற்குமாயின், நீங்கள் மூடியதைத் தவிர வேறொரு குழியும் உங்கள் கிணற்றின் மேட்டுப்பக்கத்தில் இருக்கக்கூடும், அதைத் தேடுங்கள்.